மேற்கு வெயிலும் மோட்டார்க் கொட்டகைக் கதவும்

கச்சான் காற்று எழுந்துவிட்டால் சீனன்குடாவிலே பிற்பகல் என்பது ஒரு தண்டனை. மலைநாட்டிலே மழையைச் சொரிந்து ஈரமிழந்து, காய்ந்த தரையைத் தடவிக்கொண்டு கீழ்க்கரைக்கு வரும் அக்காற்று, வைகாசி முதல் ஆவணி வரை தெருப் புழுதியையும் வெப்பத்தையும் ஒருங்கே வீட்டுக்குள் சேர்க்கின்றது. மேற்கு நோக்கிய வாயிலை உடையவர்களுக்கு இத்துன்பம் இரட்டிப்பு. எமது மோட்டார்க் கொட்டகையின் கதவு மேற்கு நோக்கியது.

மோட்டார்க் கொட்டகை என்றவுடன் உள்ளே மோட்டார் நிற்கின்றது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். எமது பகுதியிற் பல கொட்டகைகள் மோட்டாரைக் கண்டதேயில்லை. ஒன்றிலே சில்லறைக் கடை; இன்னொன்றிலே தையல் இயந்திரம்; மற்றொன்றிலே நெல்மூட்டை. எமது கொட்டகையிலோ ஒரு நீண்ட மேசையும் நான்கு வாங்குகளும் கிடக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு அயலவர் பிள்ளைகள் கணிதம் படிக்க வருவர். அவர்கள் சென்றபின் எமது வீட்டுப் பிள்ளைகள் இரவு பத்து மணி வரை அங்கேயே படிப்பர். வெயில் சுடுகின்றது என்பதற்காகப் பரீட்சை பின்போடப்படுவதில்லை.

2022 ஆம் ஆண்டு பங்குனி மாத முடிவில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாவரும் அறிவர். அப்பொழுது மின்விசிறி சுழலவில்லை. எனவே அதன் செலவைப் பற்றி ஒருவரும் எண்ணவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டபோதே எண்ணத் தொடங்கினோம். அதன்பின் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கின்றது. ஆயினும் படிமுறை மாறவில்லை. மாதம் 60 அலகு என்னும் எல்லையைத் தாண்டும் வீட்டுக்கு முதலாவது அலகிலிருந்தே விலை கூடுகின்றது. 60 வாற்று விசிறிகள் இரண்டு நாள்தோறும் ஏழு மணிநேரம் சுழன்றால் மாதத்திற்கு ஏறத்தாழ 25 அலகு செலவாகும். குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், தண்ணீர்ப் பம்பி என்பவற்றை வைத்துக்கொண்டு அந்த எல்லைக்குள் நிற்க முயலும் குடும்பத்துக்கு இந்த 25 அலகு சிறு தொகையன்று.

வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலிலே பார்த்தல் நன்று. சீனன்குடா வடக்கே எட்டரைப் பாகை அகலக்கோட்டை அண்டியிருக்கின்றது. நண்பகலிற் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் தாழ்வாரம் கதவுக்கு நிழல் தரும். மூன்று மணிக்குப்பின் வெயில் தாழ்வாரத்தின் கீழாக நுழைந்து கதவை நேரே தாக்குகின்றது. எமது கதவின் பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 600 வாற்று அளவில் வெயில் விழுகின்றது எனக் கொண்டால், கதவு முழுவதிலும் விழுவது 3,000 வாற்று. மூன்று மின்னழுத்திகளைச் சூடேற்றிக் கதவிலே சாத்தி வைத்தது போலாகும். இதில் ஒரு பகுதி வெளியே திரும்பிவிடும். எஞ்சியதோ மெல்லிய இரும்புத் தகட்டை நொடியிற் கடந்து உட்பக்கத்தைச் சுடச்செய்து, கதிர்வீசலாக எமது உடம்பைத் தாக்குகின்றது. விசிறி இதனைத் தடுக்காது. அது வியர்வையை உலர்த்தும், அவ்வளவே.

இந்த உண்மை எமது ஊருக்குப் புதியதன்று. சீனன்குடாவிலே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 101. அவற்றுள் 99 எஞ்சியுள்ளன. எண்ணெயைத் தேக்கிவைக்கும் தொழிலிலே தாங்கிக்கு வெண்மையான பூச்சுப் பூசுவது உலகெங்குமுள்ள வழக்கம். வெயிலைத் திருப்பியனுப்பி உள்ளிருப்பது ஆவியாகாமற் காப்பதே அதன் நோக்கம். இரும்புத் தகட்டுக் கூரையின் கீழே மனிதர் வாழ்வதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. 1916 இல் பிரித்தானியப் படையின் பொறியியலாளர் பீற்றர் நிசன் வகுத்த அரைவட்டத் தகரக் குடிலில், வெளித்தகட்டுக்கும் உட்சுவருக்கும் இடையே காற்று நிற்க இடம் விடப்பட்டிருந்தது. அந்த இடைவெளியைத்தான் நாம் முதலில் மறந்தோம்.

நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகின்றோம். ரெஜிபோம் வெப்பத்தைத் தடுக்கும் என்பது நாமே வகுப்பிலே படிப்பிப்பது; இரும்போ அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ரெஜிபோம் தகடுகளை வாங்கிக் கதவின் உட்புறத்திலே பசையால் ஒட்டினோம். குளிர்நாட்டார் செய்வதைப் பார்த்துக் கதவின் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் துணியால் அடைத்தோம். கதவு சுடவில்லை, அறையோ அடுப்பாயிற்று! குளிர்நாட்டிலே உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் அடைக்கின்றார்கள். இங்கே கூரையாலும் பிள்ளைகளின் உடம்பாலும் சேரும் வெப்பம் வெளியேற வேண்டும். குளிரூட்டி பூட்டிய அறைக்கு அடைப்பு அவசியம். விசிறி மாத்திரம் உள்ள அறைக்கு அது பகை.

பின்பு முறையை மாற்றினோம். வெயிலைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துவது முதல் வேலையாயிற்று. கதவுக்கு முன்னே ஒரு சாண் இடைவெளி விட்டு, இரு கம்புகளில் கிடுகுத் தட்டி கட்டினோம். எமது பாட்டனார் காலத்து வேலிக்கு நின்ற அதே கிடுகு. கதவின் ஒரு பாதியை மாத்திரம் திறந்து புழங்குவதால் தட்டி இடையூறாகவில்லை. அடுத்து, செந்நிறத் துருக்காப்புப் பூச்சு மாத்திரம் கொண்டிருந்த தகட்டைச் சுரண்டி, துருக்காப்பை மீண்டும் பூசி அதன்மேல் வெள்ளை பூசினோம். துருக்காப்பைத் தவறவிடலாகாது, கடற்கரை உப்புக் காற்றிலே மூடிய தகடு உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

உட்புறத்திலே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய ஒட்டுப்பலகையைப் பொருத்தினோம். தாளின் பளபளப்பான முகம் கதவைப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று நிற்கவேண்டும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தகட்டோடு ஒட்டிவிட்டாலோ அந்தக் குணம் பயன்படாது. வெப்பம் நேரே கடந்துவிடும். ஒட்டுப்பலகையின் பாரம் பிணைச்சல்களைத் தாழ்த்திவிடும் என்று தச்சர் எச்சரித்தமையால் ஒரு பிணைச்சல் மேலதிகமாகப் பூட்டினோம். கதவின் மேலே காற்றுப்போக்கியைத் திறந்துவைத்தோம். கீழே மாத்திரம் றப்பர்ப் பட்டி. அது வெப்பத்துக்காக அன்று, பாம்புக்காக.

உருட்டுக் கதவு உடையோர் உட்புறத்திலே எதையும் ஒட்ட இயலாது. ஒட்டினாற் கதவு சுருளாது. அவர்களுக்குத் தட்டியும் வெள்ளைப் பூச்சுமே வழி. அவை இரண்டுமே பெரும்பயன் தருவன என்பது எமது அநுபவம். பணமுடை உள்ளவர் அத்தோடு நின்றாலும் குறைவில்லை.

ரெஜிபோமைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது எளிதிலே தீப்பற்றும். எரியும்போது நஞ்சுகலந்த கரும்புகையைக் கக்கும். பெற்றோல் பட்டாலே கரைந்துவிடும். மோட்டார்ச் சைக்கிளோ பெற்றோற் கலனோ எரிவாயு உருளையோ இருக்கும் கொட்டகையில் அதனைத் திறந்தபடி ஒட்டுவது பெருந்தவறு. பிள்ளைகள் கூடும் அறையிலே நாம் அதை ஒட்டியிருந்தோம் என்பதை நினைக்கும்போது இப்பொழுதும் மனம் துணுக்குறுகின்றது.

இவ்வளவும் செய்ததாற் கொட்டகை குளிர்ச்சோலையாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். அஸ்பெஸ்ரஸ் கூரை இருக்கும்வரை அது நடவாது. கூரையே பெரிய பகை, கதவு அதன் தம்பி. ஆனால் மேற்குப் பக்கத்து வாங்கிலே ஒருவரும் இருக்க விரும்பாத நிலை நீங்கிற்று. மாலை ஆறு மணிக்குப்பின் இரண்டு விசிறிகளில் ஒன்று ஓய்வெடுக்கின்றது. நான்கு மணிநேர ஓய்வு என்றால் மாதத்திற்கு ஏழு அலகு மிச்சம். 60 என்னும் எல்லையின் விளிம்பிலே நிற்பவர்களுக்கு அந்த ஏழு எதைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கிடுகு வாடை மழைக்கு நில்லாது. ஐப்பசி முடிவில் தட்டியைக் கழற்றிக் கொட்டகையின் பின்புறத்திலே சாத்தி வைக்கின்றோம். பங்குனி பிறந்ததும் உக்கிய கிடுகுகளை மாற்றி மீண்டும் கட்டவேண்டும். அந்த வேலையை இப்பொழுது பிள்ளைகளே செய்கின்றார்கள்.