ஓசன்னா: துதியா, மன்றாட்டா?

குருத்தோலை ஞாயிறன்று பெங்களூர்த் தமிழ் ஆலயங்களில் சிறுவர் முதல் பெரியோர் வரை ஓலையேந்தி 'ஓசன்னா' பாடி வருவார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால், "சாமியத் துதிக்கிற வார்த்தைதாங்க" என்றே பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 118-ஆம் சங்கீதத்தில் அதன் எபிரேய மூலம், "காப்பாற்றும்" என்று கடவுளிடம் கெஞ்சும் மன்றாட்டாக இருக்கிறது. வழிபாட்டில் பாடிப் பாடி அந்த மன்றாட்டே வாழ்த்தொலியாகிவிட்டது. இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் எழுப்பிய குரலும் இதுதான்.

துதி என்றாலே காரியம் கைகூடிய பிறகு சொல்லும் நன்றி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடுகிறார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தது அதற்குப் பிறகுதான். பாடும்போது அவர்கள் கைதிகளே. இரட்சிப்படைய என்ன செய்யவேண்டும் என்று சிறைக்காவலன் கேட்டதும் அதே இரவில்தான்.

இரட்சிப்பு என்பது சீர்திருத்தச் சபையார் வழக்கு. கத்தோலிக்கர் பெரும்பாலும் மீட்பு என்பர். இச்சொல்லையே தலைப்பில் தாங்கிய காப்பியம் இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற ஹெச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900), ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையைத் தழுவி இதை இயற்றினார். 1894-இல் நூலாக வந்தது. பனியன் உரைநடையில் எழுதிய கதையை இவர் விருத்தத்தில் பாடி, நடுநடுவே தேவாரம் என்றே பெயரிட்டு உருக்கமான துதிப்பாக்களையும் வைத்தார். பயணி ஊர் போய்ச் சேருமுன்பே பாட்டு வந்துவிடுகிறது! மூலத்தைவிட எனக்கு இவர்மேல் பிரியம் அதிகமானது இதனால்தான்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகளில் பல்லவி, அனுபல்லவி, சரணம் உண்டு. அடி என்னும் பொருளுடைய சரணமும், அடைக்கலம் என்னும் பொருளுடைய சரணமும் வடமொழியில் வேறு வேறு சொற்கள். நம் எழுத்திலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. நல்லதாய்ப் போயிற்று.

இந்தப் பாட்டுகள் மிகவும் தேவைப்படுவது துக்க வீட்டில். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து நம்மவர்கள் இரவெல்லாம் பாடுவார்கள். அழுகைக்கு நடுவே துதியா என்று அயலார் வியக்கலாம். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு பேச்சில்லை. ஆனால் பெங்களூரில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர், ஆங்கில எழுத்தில் எழுதிய பாட்டைச் செல்பேசியில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். இரண்டு அடிக்குப் பிறகு, "என்ன சொல்லுதுன்னே புரியல பாட்டி" என்று நிறுத்திவிடுகிறார்கள். மீதியைப் பாட்டிமார்தான் பாடி முடிக்கிறார்கள்.