முன்பாரம்



வண்டிகளை மந்திரிப்பது பங்குக் குருவின் வாழ்வில் சாதாரண நிகழ்ச்சி. புது மிதிவண்டி முதல் பேருந்து வரை எத்தனையோ வண்டிகளின் மீது தீர்த்தம் தெளித்திருக்கிறேன். ஆனால் மந்திரிக்க அழைத்த வீட்டில், "இன்று வேண்டாம்" என்று சொல்லித் திரும்பியது ஒரே ஒரு முறைதான். அது அமெரிக்க நாட்டில், மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், நம் ஆயரின் அனுமதியோடு நான் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பங்கில் நடந்தது.

அங்கே குளிர்காலம் கொடிது. ஏரிகள் உறைந்து, அவற்றின் மேல் மோட்டார் வண்டிகளே ஓடும். ஆகவே முதியோர் பலர் இலையுதிர் காலத்திலேயே, படுக்கையும் அடுப்பும் அமைந்த டிரெய்லர் ஒன்றைத் தங்கள் வண்டியில் பிணைத்துக்கொண்டு, வெயில் காயும் அரிசோனா மாநிலத்துக்குப் புறப்பட்டுவிடுவர்.

இவ்வகை வண்டிகளுள் ஒன்றுக்கு "ஐந்தாம் சக்கரம்" என்று பெயர். நான் முதலில் ஐந்து சக்கரம் உள்ள வண்டி என்றே எண்ணினேன். அவ்வாறன்று. பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையம் இருந்தது. நிலத்தைத் தொடாத அந்த வளையமே ஐந்தாம் சக்கரம். பின்னர் அப்பெயர், இழுக்கும் வண்டியின் முதுகில் பாரத்தை ஏற்றும் பிணைப்புக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் "ஏரோகார்" என்ற பயண வீட்டை இம்முறையிலேயே அமைத்தார். விமான உடலைப் போலவே மெல்லிய மரச்சட்டங்களைக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினார். பிணைப்பிலோ விமானத்தின் காற்றுச் சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்து அதிர்ச்சியைத் தாங்கச் செய்தார். ஐந்தாம் சக்கர வண்டி எடை குறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

சாதாரண டிரெய்லர் இழுக்கும் வண்டியின் வாலில் தொங்கும். ஐந்தாம் சக்கர வண்டியோ தன் கழுத்தை நீட்டி, பிக்கப் வண்டியின் பின் அச்சுக்கு நேர்மேலே அமரும். அதனால் நெடுஞ்சாலையில் வாலாட்டுவது குறைவு. ஆனால் தன் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, சில வேளை நான்கில் ஒரு பங்கையே, பிக்கப்பின் முதுகில் இறக்கிவிடும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். என் தந்தையார் நெல் மூட்டைகளை ஏற்றிய பின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்க்காமல் மாடு பூட்டியதில்லை.

இனி அந்த இல்லத்துக்கு வருவோம். கணவர் ஓய்வு பெற்ற பால்பண்ணைக்காரர். தச்சு வேலையில் கைதேர்ந்தவர். மனைவிக்குப் பல்லாண்டு மூட்டுவாதம். அவ்வம்மையாரின் அக்காள் துறவறச் சகோதரி. அரிசோனாவின் டூசான் நகரில், தம் சபையின் முதியோர் இல்லத்தில் நோயுற்றுக் கிடந்தார். தங்கைக்கோ விமானத்தில் நெடுநேரம் அமர முடியாது; இரண்டு மணிக்கொரு முறை படுத்தாக வேண்டும். ஆகவே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரைச் சிறுகச் சிறுகக் கடப்பதென்று முடிவு செய்து, 19 அடி நீளமுள்ள பழைய கண்ணாடி இழை டிரெய்லர் ஒன்றை வாங்கினார்கள்.

அத்தகைய வண்டிகள் அவ்வட்டாரத்துக்குப் புதியன அல்ல. பேக்கஸ் என்னும் சிற்றூரில் 1970களிலிருந்தே "ஸ்கேம்ப்" என்ற பெயரில் அவை செய்யப்பட்டு வந்தன. படகைப் போல அச்சில் வார்த்த மேல் ஓடும் கீழ் ஓடும் இடுப்பில் இணையும். கூரையில் மூட்டு இல்லாததால் ஒழுக்கும் குறைவு. காலியாக ஏறத்தாழ 1,100 கிலோதான்.

இத்தகைய வண்டியில் படுக்கை, கழுத்துப் பகுதியின் மேல் பரண் போல இருக்கும். அம்மையாரால் ஏற முடியாது. ஆகவே கணவர் படுக்கையைப் பின்புறம் தாழ அமைத்துவிட்டு, அங்கிருந்தவற்றை எல்லாம் முன்பக்கம் கொண்டுபோனார்: தண்ணீர்த் தொட்டி, இரண்டு மின்கலங்கள், கருவிப்பெட்டி. பரணில் அலமாரிகள் கட்டினார். எந்த மரத்தில்? தம் தந்தையார் வெட்டி, கொட்டகையில் பல்லாண்டு உலர வைத்திருந்த சிவப்பு ஓக் பலகைகளில்! இரண்டு குளிர்காலம் அவ்வேலை நடந்தது. புறாவால் மூட்டுப் போட்ட இழுப்பறைகள். கண்ணாடி போல மெருகேறிய கதவுகள். சமையல் மேடைக்குக் கருங்கல் பலகை. அதைப்போன்ற வேலைப்பாட்டை ஆலயப் பீடங்களிலேயே நான் அரிதாகக் கண்டிருக்கிறேன்.

செப்டம்பர் மாதக் கடைசியில், செபப் புத்தகமும் தீர்த்தமுமாகப் போனேன். டிரெய்லர் பிணைக்கப்பட்டு நின்றது. பிக்கப் வண்டியின் பின்புறம் அமிழ்ந்து, முகம் வானத்தைப் பார்த்தது. முகப்பு விளக்குகள் பைன் மரங்களின் உச்சியை நோக்கின. எனக்கு என் தந்தையாரின் ஏர்க்கால்தான் நினைவுக்கு வந்தது.

எடை பார்த்தீர்களா என்று வினவினேன். இல்லை என்றார். கூடுதல் வில்பட்டை இரண்டு போட்டால் நிமிர்ந்துவிடும் என்றார். நிமிரும், ஐயமில்லை. ஆனால் வில்பட்டை வண்டியை நிமிர்த்துமேயன்றி, அதன் அச்சையும் டயரையும் தடுப்பான்களையும் பெரிதாக்காது. குனிந்து நிற்கும் வண்டியாவது தன் துன்பத்தை நமக்குக் காட்டுகிறது; நிமிர்த்திவிட்டால் அதுவும் தெரியாமற் போகும். எடை பார்த்த பின் மந்திரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதியவரின் முகம் சிவந்தது. மறு ஞாயிறு திருப்பலியில் அவரைக் காணவில்லை. அந்நியன் ஒருவன் வந்து தம் கைவேலையைக் குறை கூறினான் என்று அவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. எனக்கும் உறக்கம் கொள்ளவில்லை.

செவ்வாயன்று அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார். மூவருமாக ஊருக்கு வெளியே இருந்த சரளைக்கல் குவாரியின் எடைமேடைக்குப் போனோம். முறை எளிது. முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி ஒரு எடை. பின்பு டிரெய்லரைப் பிணைத்து, பிக்கப்பின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முதுகில் விழும் பாரம். அடுத்து டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் நிறுத்த வேண்டும்.

நமக்கு விளங்கும்படி கிலோவில் சொல்கிறேன். முதுகுப் பாரம் 450. டிரெய்லர் அச்சில் 1,340. ஆக மொத்தம் 1,790. பிக்கப்பின் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டின்படி அது சுமக்கத்தக்கது 550 கிலோ மட்டுமே. அதில் இருவர் எடை, பிணைப்புக் கருவி, பயணப் பொருள்கள் ஆகியவற்றுக்கே 250 போய்விடும். மீதி 300. அதாவது 150 கிலோ மிகை. அச்சு தன் எல்லைக்குள் இருந்தது; பிக்கப் இல்லை. வழியிலோ மலைச்சரிவுகள் உண்டு.

பெரிய பிக்கப் வாங்கப் பணமில்லை. திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை. வீட்டு வாசலில் அம்மையார்தான் வாய் திறந்தார். தமக்கு அலமாரி வேண்டியதில்லை என்றும், அக்காளை உயிரோடு காண வேண்டும் என்றும், கணவரின் வேலையை வீட்டில் வைத்தே கண்ணாரப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர் மறுமொழி கூறாமல் கொட்டகைக்குள் போனார். சிறிது நேரத்தில் திருப்புளியின் ஓசை கேட்டது.

பத்து நாளில் வேலை முடிந்தது. ஓக் அலமாரிகள் மட்டும் 195 கிலோ இருந்தன! அவற்றினிடத்தில் 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையும் துணித் திரைகளும் வந்தன. 45 கிலோவுக்குள் முடிந்தது. கருங்கல் பலகை இறங்கியது. இரண்டு ஈய மின்கலங்களுக்கு மாற்றாக இலேசான லித்தியம் மின்கலம் ஒன்று. 75 லிட்டர் தண்ணீரைச் சுமந்து போகாமல், தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்வதென்று ஏற்பாடு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். கருவிப்பெட்டியில் பாதி வீட்டிலேயே நின்றது. மீண்டும் எடைமேடை: மொத்தம் 1,420, முதுகில் 285.

அன்று மாலையே மந்திரித்தேன். புனித கிறிஸ்தோபர் பதக்கம் ஒன்றையும் கொடுத்தேன். முதியவர் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிக்காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதற்பனிக்கு முன்னர் புறப்பட்டார்கள். ஒன்பது நாள் பயணம். அக்காளும் தங்கையும் குளிர்காலம் முழுவதும் ஒன்றாக இருந்து செபமாலை சொன்னார்கள்; தபசுகாலத்தின் முதல் வாரத்தில் அக்காள் இறைவனடி சேர்ந்தார்.

ஓக் அலமாரிகளை அவர் வீட்டில் வைக்க இடம் போதவில்லை. எங்கள் ஆலயத்தின் திருவுடை அறையில் பொருத்திக் கொடுத்தார். பரணுக்கென்று செய்தவை ஆதலால் உயரம் குறைவு. திருவுடைகளைத் தொங்கவிட முடியாமல் மடித்தே வைத்துவந்தோம்.