காணாக்கடியில் கடித்தது எது?

தோல் திடீரெனத் தடித்து அரித்தால் நம் ஊர்களில் அதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்ற விளக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஓரிரு நாளில் மறையும் தடிப்புக்கு அந்த விளக்கத்தால் கேடில்லை. ஆறு வாரம் கடந்தும் வந்து வந்து மறைந்தால்தான் கடித்ததைத் தேடும் அலைச்சல் தொடங்குகிறது. கங்கைகொண்டானிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி, பல ஆயிரம் ரூபாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சோற்றுத்தட்டிலிருந்து விலக்குவதில் போய் முடிகிறது அது. ஆனால் நாள்பட்ட காணாக்கடியில் உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது அரிது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுவதால்தான் தடிப்பு எழுகிறது. பலருக்கு அந்தச் செல்களைக் கிளறிவிடுவது அவர்கள் உடலே உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள். கடித்தது வெளியே இல்லை.

அதனால்தான் இந்நோய்க்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலில், எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லும் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். 2020 டிசம்பரில் 31 நாடுகளைச் சேர்ந்த 64 பிரதிநிதிகள் ஆய்வுச் சான்றுகளை எடைபோட்டு, வாக்களித்து உருவாக்கிய அந்த ஆவணம் 2022-ல் வெளிவந்தது. அது கேட்கும் அடிப்படைப் பரிசோதனைகள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பியும்தான். நிபுணரிடம் போனால் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவு, தைராய்டு எதிர்ப்பொருள் இரண்டும் சேரும். மற்றதெல்லாம் பேச்சில் தெரிய வேண்டும். ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடமில்லாமல் மறைகிறதா? குளிர்ந்த நீர் பட்டால் வருகிறதா? இடுப்புக் கயிறு அழுத்திய இடத்தில் வருகிறதா? வலி மாத்திரை போட்டபின் கூடுகிறதா? ஒரு நாளுக்கு மேல் நின்று கன்றிப்போன தழும்பு விட்டால் ரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகித்துத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். தடிப்பே இல்லாமல் முகமும் நாக்கும் மட்டும் வீங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதுதான் கடினம்.

சிகிச்சைக்கு முதல் படி, தூக்கம் தராத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. அரிப்பு வந்த அன்று மட்டுமல்ல, தினமும் சாப்பிட வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவர் அளவை நான்கு மடங்குவரை கூட்டலாம். பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தில் ஆழ்த்துபவை. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்டில் இயந்திரம் முன் நிற்பவருக்கு அது ஆபத்து. நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்ட டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி அன்றைக்குச் சுகம் தரும் என்பது உண்மை. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். கடுமையாக வெடிக்கும்போது ஸ்டீராய்டு அதிகபட்சம் பத்து நாள் என்கிறது வழிகாட்டுதல்.

வெளிநாட்டார் வகுத்தது நம் உடலுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். ஆனால் 2018-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் தூக்கம் தராத மாத்திரையையே முதலில் வைக்கிறது. விலை பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஒமாலிசுமாப் ஊசி கூலிக்காரருக்கு எட்டாதது. அவர்களுக்கு சைக்ளோஸ்போரின் உண்டு. அதைச் சாப்பிடும்போது சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் அந்தப் படிவரை போவதற்கு முன்பே, தேவையற்ற பரிசோதனைக்கும் ஊசிக்கும் பணத்தை இழந்துவிடுகிறார்கள். வழிகாட்டுதல் முதலில் மிச்சப்படுத்துவது அந்தப் பணத்தைத்தான்.

மூச்சுத் திணறினாலோ தொண்டை அடைத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றபடி, மருத்துவரைப் பார்க்குமுன் ஏழு நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தினமும் தடிப்புக்கு 0 (இல்லை) முதல் 3 (கடுமை), அரிப்புக்கும் அதேபோல் 0 முதல் 3. வாரக் கூட்டுத்தொகை அதிகபட்சம் 42. அந்த எண்ணைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்.