விளையாட்டில் ஒரு நட்சத்திர மீன்

ஒன்பதாம் வகுப்பில் விலங்குலகம் பாடம். முட்தோலிகளுக்கு எடுத்துக்காட்டாக நட்சத்திர மீனைக் கரும்பலகையில் வரைந்தேன். "சார், இது ஸ்டார்யூ!" என்றான் கடைசி வரிசை மாணவன். வகுப்பே சிரித்தது. அவன் விடவில்லை. "போக்கிமான் விளையாட்டில் வரும் சார். கை அறுந்தாலும் திரும்ப முளைக்கும்." நான் நடத்தவிருந்த இழப்பு மீட்டலை அவன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தான்.

போக்கிமான் 1996இல் ஜப்பானில் வெளியான வீடியோ விளையாட்டு. அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 151 கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் இந்த விளையாட்டு. அதில் 120ஆவது ஸ்டார்யூ. ஐந்து கைகள், நடுவில் சிவப்பு நிற மையம். மையம் சிதையாதவரை இழந்த கை மீண்டும் வளரும்.

இது வெறும் கற்பனை அன்று. உண்மையான நட்சத்திர மீன்களிலும் கை மீண்டும் வளரும். பெரும்பாலான இனங்களில் அதற்கு உடலின் மையத்தட்டு தேவை. லிங்கியா பேரினத்தைச் சேர்ந்த சில இனங்களிலோ அறுந்த ஒற்றைக் கையிலிருந்தே முழு உடலும் உருவாகிவிடும். விளையாட்டையும் மிஞ்சுகிறது இயற்கை!

ஆனால் ஓரிடத்தில் ஆசிரியர் விழிப்புடன் இருக்க வேண்டும். நீர்க்கல்லைப் பயன்படுத்தினால் ஸ்டார்யூ நொடியில் பத்து முனைகள் கொண்ட ஸ்டார்மியாக மாறிவிடும். விளையாட்டு இதைப் 'பரிணாமம்' என்கிறது. இதே எண்ணத்துடன் மாணவர் பத்தாம் வகுப்புக்கு வந்தால், ஓர் உயிரி தன் வாழ்நாளிலேயே வேறோர் இனமாக மாறுவதே பரிணாமம் என்று நினைப்பார். பரிணாமம் தனி உயிரியில் நிகழ்வதில்லை. ஓர் இனக்கூட்டத்தில், பல தலைமுறைகளாக நிகழ்வது.

ஒரே உயிரி உருவம் மாறுவது வளர் உருமாற்றம். அதற்கும் நட்சத்திர மீனே நல்ல சான்று. அதன் இளம் லார்வா இருபக்கச் சமச்சீர் உடையது. கடல்நீரில் மிதந்து நீந்தும். பிறகு அடித்தளத்தில் ஒட்டிக்கொண்டு, ஐந்து கைகளுடன் ஆரச் சமச்சீர் உடைய உயிரியாக உருமாறும்.

மறுநாள் கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்தேன்: 'விளையாட்டில்', 'கடலில்'. நிரப்பியவர்கள் மாணவர்களே. மூளை இல்லை, இரத்தம் இல்லை, நீர்க்குழல் மண்டலத்தால் இயங்கும் குழல் கால்கள், இரைப்பையை வெளியே நீட்டிச் சிப்பியை உண்ணுதல் என இரண்டாம் பத்தியே நீண்டது.

கடைசி வரியை மட்டும் நான் எழுதினேன். விளையாட்டில் பிடித்த ஸ்டார்யூ பந்துக்குள் பத்திரமாக இருக்கும். உண்மையான நட்சத்திர மீன் குழல் கால்களாலும் தோல் செவுள்களாலும் சுவாசிப்பது. நீரைவிட்டு எடுத்தால் மூச்சுத் திணறும். அதைச் சேகரிக்க வேண்டாம், கடலிலேயே பார்ப்போம்.

"அப்போ படம் வரைஞ்சு சேர்க்கலாமா சார்?" என்றான் அதே மாணவன். எங்கள் வகுப்பின் முட்தோலிகள் படத்தொகுப்பு அப்படித்தான் தொடங்கியது.