தோட்டத்துக்கு மடக்குக் கத்தி... பட்டாசு ஆலைக்கு வேண்டாம்!

பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில், 1890-ம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய மடக்குக் கத்தி, அங்குள்ள விவசாயிகளின் சட்டைப் பையில் இடம்பிடித்தது. ஒரே அலகு, மரப்பிடி. அலகு மடங்கி விரலை வெட்டாமலிருக்க, 1955-ல் பூட்டு வளையம் சேர்ந்தது.

கார்பன் எஃகு அலகு எளிதில் கூர் ஏறும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சை, கொய்யாவில் சிறு கிளைகளை வெட்டியதும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தண்ணீரில் ஊறவிட்டால் மரப்பிடி உப்பி, அலகு இறுகிவிடும். நம் ஊர்ப் பட்டறைக் கத்திக்கும் இதே பராமரிப்புதான்.

சிவகாசி, சாத்தூர் பக்கம் காலையில் தோட்டம், பிறகு பட்டாசு ஆலை என்று செல்பவர்கள், கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இரும்பு உரசினால் பொறி பறக்கும். மருந்து அறையில் ஒரு பொறி போதும், உயிர் போய்விடும்.