தாயின் சுமையை எடைபோட்ட பாடம்

மண்வெட்டிக்குப் பூச்சுற்றி, மேடை அமைத்து, மாணவர்களை வெயிலிலே வரிசையாக நிற்கவைத்து, மரக்கன்று நடும் விழாக்களைப் பார்த்துப் பார்த்து நமக்குச் சலித்துவிட்டது. விழா முடியும், படம் ஏட்டிலே வரும். நட்ட கன்றுக்கு நாளை நீர் ஊற்றுபவர் யார் என்று கேட்டால், நடத்தியோர் விழிப்பர். இயற்கையைக் காக்கப் புறப்படும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றுக்குப் பள்ளிக்கூடம் என்பது, கை தட்ட ஆள் கிடைக்கும் இடம், அவ்வளவே!

இமயமலைச் சாரலில், அல்மோராவிலே, வேறுவிதமான பணி ஒன்று நடந்திருக்கிறது. உத்தராகண்ட் சேவா நிதி அதன் பெயர். 1967இல் தோன்றிய அறக்கட்டளை. மலைநாட்டுப் பள்ளிகளிலே சுற்றுச்சூழல் கல்வியைப் பரப்பும் பொறுப்பை 1987இல் அது மேற்கொண்டது. முன்னின்று நடத்தியவர் லலித் பாண்டே.

எப்படிப்பட்ட மலை அது? படிப்படியாக வெட்டிய வயல்கள். வயலுக்கு உரம் மாட்டுச் சாணம்; மாட்டுக்குத் தீனி காட்டுத் தழை; அடுப்புக்கு விறகும் அதே காட்டிலிருந்து. காடு தேய்ந்தால் மாடு மெலியும், மாடு மெலிந்தால் வயல் மெலியும், வயல் மெலிந்தால் வயிறு காயும். இவ்வளவையும் தலையிலே சுமந்து வருபவள் பெண். ஆண்களோ பட்டாளத்திலும் பட்டணத்திலும்! அவர்கள் அனுப்பும் பணத்தை நம்பியே குடும்பங்கள் நடந்ததால், 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே அதற்குப் பெயர் வைத்தனர். 1974 மார்ச் 26ஆம் நாள், ரேணி கிராமத்திலே ஆண்கள் வெளியூர் சென்றிருந்த வேளை பார்த்து மரம் வெட்ட வந்தார்களே, அவர்களைத் தடுத்து நிறுத்தியது கௌரா தேவி தலைமையில் திரண்ட பெண்கள் கூட்டம். கௌரா தேவி பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர்.

படித்தவன் என்ன செய்தான்? அரிவாளைத் தொட வெட்கப்பட்டான். அவன் படித்த புத்தகத்திலே அவன் ஊர் இல்லை, அவன் தாய் இல்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் சமவெளிக்குப் போகும் பேருந்தைப் பார்த்து நின்றான்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கென உருவான புதிய பாடம் இந்த இடத்திலேதான் கைவைத்தது. 'மரம் வளர்ப்போம்' என்று மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. மாணவரை ஊருக்குள் அனுப்பிற்று. ஒரு வீட்டுக்கு எவ்வளவு விறகு வேண்டும்? எடைபோட்டுப் பார். மாடுகளுக்கு எவ்வளவு தழை? கணக்கெடு. ஊர்க்காடு அவ்வளவு தருமா? நடந்து போய்ப் பார். எந்தத் தாயும் இதுவரை கணக்கெழுதி வைத்திராத உழைப்பு, மகனின் நோட்டுப் புத்தகத்திலே கிலோக்களாக ஏறிற்று. கருவாலித் தழையை மாடு தின்னும், ஊசியிலையைத் தின்னாது. ஊசியிலைச் சருகு கோடையிலே தீப்பற்றும். இதெல்லாம் பாட்டிக்குத் தெரிந்த சேதி. பாட்டியைக் கேட்டு எழுதுவதும் படிப்புதான் என்று ஆன பிறகு, படித்தவர் யார், படியாதவர் யார்?

நடத்திய முறையையும் கவனிக்க வேண்டும். தனிப் பள்ளி கட்டி வாசலில் பெயர்ப்பலகை மாட்டவில்லை. அரசுப் பள்ளியிலே, அரசு ஆசிரியரைக் கொண்டே, அவருக்குப் பயிற்சி தந்து நடத்தினர். கிராமங்களிலே சிறு குழுக்கள், பெண்கள் சங்கங்கள், பாலர் பள்ளிகள் ஆகியவற்றுக்குத் துணை நின்றனர். நன்கொடையாளர் எத்தனை கன்று நட்டீர் என்று கேட்பார்; எத்தனை பிள்ளைகள் தம் ஊரைக் கண் திறந்து பார்த்தனர் என்பதை எந்தக் கட்டத்திலே நிரப்புவது? அந்தத் தொல்லையைத் தாங்கிக்கொண்டு ஆண்டுக் கணக்கிலே காத்திருக்கத் தெரிந்தவரே இத்தகைய நிறுவனத்தை நடத்த முடியும். 2000 நவம்பர் 9இல் மலைநாடு தனி மாநிலமாயிற்று. பின்னர் அப்பாடம் பள்ளி அட்டவணைக்குள்ளேயே இடம் பெற்றது. 2007இல் பாண்டேக்குப் பத்மஸ்ரீ அளித்தனர். விருது கிடக்கட்டும், அட்டவணையிலே கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தையே நாம் பெரிதென்போம்.

எல்லாம் வெற்றி என்று நாம் சொல்லவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கிலே, அல்மோரா, பௌரி மாவட்டங்களின் மக்கள்தொகை 2001இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஊர்கள் பூட்டிக் கிடக்கின்றன. பாடத்தால் பயனென்ன என்று சிலர் கேட்கக்கூடும். மலையிலே வேலை இல்லை, மருத்துவர் இல்லை, சாலை சரிந்தால் சீர்செய்ய ஆள் இல்லை என்பதற்கெல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளையா பொறுப்பு? தாயின் தலைச்சுமை எத்தனை கிலோ என்று அவன் எழுதிக் காட்டிவிட்டான். அந்த நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டியவர்கள் கோட்டையிலே இருக்கிறார்கள்.