ஒரு ராத்திரிக்கு இருபதாயிரமா?

"ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்க இருபதாயிரமா? ரெண்டு ஆடு வாங்கிக் கட்டிரலாமேடி!"

என் அம்மா இப்படிச் சொல்லி மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். நானும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டியவள் என் மகள். சென்னையில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அம்மாச்சிக்கு 74 வயசு, அம்மாவோ கல்யாணம் காதுகுத்து தவிர எங்கேயும் போய்த் தங்கினதில்லை, மூணு பேருமாக ஒரு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அவளே தீர்மானம் பண்ணி, அவளே அறை பிடித்து, அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். வீட்டுக்காரரை "அப்பா, நீங்க வீட்டைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அவருக்கும் அது சந்தோஷம்தான், கிரிக்கெட் பார்க்கலாம்!

இடம் கானாடுகாத்தான் பக்கம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் தாண்டி, காரைக்குடிக்குக் கொஞ்சம் முன்னால். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைக் கலை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அறைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஒன்று 'ஆத்தங்குடி', ஒன்று 'கண்டாங்கி', ஒன்று 'கொட்டான்'. எங்களுக்குக் கிடைத்தது 'ரவிவர்மா'. அந்தந்தக் கலைக்குத் தகுந்தபடி அறைக்குள் அலங்காரம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். என் அம்மா சின்ன வயசில், 1960-களில், பள்ளத்தூரில் இதே மாதிரி ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். பத்து வயசில் போனவள், கல்யாணமாகும் வரை இருந்தாள். மாசம் ஆறு ரூபாயும் சாப்பாடும், தீபாவளிக்கு ஒரு சேலையும். இது என் மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சமயத்தில் தோன்றவில்லை. வண்டி நின்றதும் நாங்கள் இரண்டு பேரும் முன்வாசலில் ஏறினோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே நடந்து போய்க்கொண்டிருந்தாள். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அம்மா பின்வாசலைத் தேடிப் போயிருக்கிறாள்!

ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். "முன்பக்கமா நான் ஒரு நாளும் ஏறினதில்லடி" என்றாள், ஏதோ மறதி போல. வாசலில் ஒரு பையன் பானகம் வைத்த தட்டோடு நின்று, "வாங்க ஆச்சி" என்றான். இந்தப் பக்கத்தில் ஆச்சி என்றால் நகரத்தார் வீட்டுப் பெண்மணி. அம்மா யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். "நான் ஆச்சி இல்ல தம்பி" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் பானகத்தை நீட்டினான்.

வீட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். முகப்புத் திண்ணையைத் தாண்டினால் முதல் கட்டு, நடுவில் திறந்த வளவு, சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள். ஒவ்வொரு தூணையும் கட்டிப் பிடித்தால் என் இரண்டு கையும் எட்டவில்லை. பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வியாபாரம் பண்ணிக் கொண்டுவந்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, பெரிய நிலைக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது விழுந்த அடியிலிருந்து பல குடும்பங்கள் எழுந்திருக்கவே இல்லை. கட்டும்போது ஒரு கையில் இருந்த வீடு, பேரன் காலத்தில் இருபது முப்பது புள்ளிக்குப் பங்காகிவிடுகிறது. (கல்யாணமான ஒவ்வொரு ஆண்பிள்ளைக் குடும்பமும் ஒரு புள்ளி என்பது அவர்கள் கணக்கு.) ஓடு மாற்ற யார் பணம் போடுவது? கடைசியில் தூணும் கதவும் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் நிலைக்கதவுகளைப் பார்த்தால் வயிறு பிசையும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் வந்து ஓடு மாற்றித் தருமா என்ன?

வீட்டை ஹோட்டலாக்கிக் காப்பாற்றுவது இந்தப் பக்கத்தில் புதிதும் இல்லை. காரைக்குடி 'பங்களா' ரொம்ப நாளாகவே நடக்கிறது. கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று ஒரு ஹோட்டல். அது ஒரு தகப்பனார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. ஆண்பிள்ளைகளுக்கே அறை ஒதுக்கும் ஊரில் பெண்ணுக்கென்று ஒரு மாளிகை! இதைக் கேட்டு என் மகளுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் ஹோட்டலுக்கு வருகிறேன். சுவரைத் தொட்டால் பளிங்கு மாதிரி வழுக்குகிறது. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி எல்லாம் சேர்த்து அரைத்துப் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பூசி, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலப்பார்களாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்று இருக்கிறது. நான் தடவித் தடவி ரசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னாள்: "எண்ணெய்க் கை பட்டுச்சுன்னா ஆச்சி கண்டுபிடிச்சிருவாக. ஈரத்துணி வச்சுத் தொடைக்கணும், அப்புறம் காஞ்ச துணி. தொடைச்ச கை எனக்குத்தானே தெரியும்."

இப்போது குறைகள். இருபதாயிரம் வாங்குகிற இடத்தில் குறை சொல்லக் கூடாதா? 'ரவிவர்மா' அறையில் நாலு படங்கள். லட்சுமி, சரஸ்வதி, தமயந்தி, பால் கறக்கும் யசோதை. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து, ராஜா வீட்டுச் சுவரில் இருந்த சாமிப் படத்தைச் சாமானியர் வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டுவந்தவர். அந்தக் காலத்து வீடுகளில் இந்த அச்சுப் படங்களை வாங்கி, லட்சுமியின் சேலையில் ஜரிகையும் பாசிமணியும் வைத்துத் தைத்துக் கண்ணாடி போடுவார்கள். அதைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நாலும் புதுப் பிரிண்டு! பழைய படமாக இருந்தால் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். இவற்றில் ஒன்றுமில்லை. வரவேற்பில் இருந்த பையனிடம் கேட்டேன். "ஒரிஜினல்தான் மேடம்" என்றான். பாவம், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் கீழே கூடத்தில், ஒரு மூலையில், வெளிச்சமே இல்லாத இடத்தில் நிஜமான பழைய படம் ஒன்று ஜரிகை கறுத்துப்போய்த் தொங்கியது. அதற்கு ஒரு விளக்குப் போட மனசு வரவில்லை அவர்களுக்கு.

விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அழகு என்று எல்லா இடத்திலும் மங்கலான பல்பு போட்டிருக்கிறார்கள். நிலைப்படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் சொல்லலாம், மாடிப்படி செங்குத்து. வயசானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தள அறை என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவழுகிற குழந்தை இருந்தால் வளவின் ஓரத்தில் கண் இருக்கட்டும், அது திறந்த பள்ளம்.

சரி, கணக்கு. அறை வாடகை 11,000. மூணாவது ஆளுக்குக் கட்டில் 2,000. ஆக 13,000. அதற்கு 18 சதவிகிதம் வரி 2,340. ராத்திரிச் சாப்பாடு தனி, ஆளுக்கு 1,500. அதற்கும் 18 சதவிகிதம். மொத்தம் 20,650. காலைப் பலகாரம் மட்டும் வாடகையில் சேர்த்தி.

இந்த வரி விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு 5 சதவிகிதம்தான். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் 18. 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கோ 8,968! இருநூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்து இருநூறு ரூபாயாக வந்து நிற்கிறது. போனில் விலை கேட்கும்போதே வரி சேர்த்தா, சேர்க்காமலா, சாப்பாடு உண்டா, கூடுதல் கட்டில் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற நாம் இங்கே மட்டும் ஏன் கூச்சப்படணும்?

இருபதாயிரம் தகுமா என்றால், என் அபிப்பிராயம் இதுதான். மத்தியானம் மூணு மணிக்குப் போய், டி.வி. பார்த்து, ஏ.சி.யில் தூங்கி, காலையில் கிளம்பினால் தகவே தகாது. அறை என்பது அந்தக் காலத்தில் புள்ளிக்கு ஒதுக்கின பெட்டி போன்ற உள்வீடுதான். குளியலறை ஒட்டிக் கட்டி, மெத்தை போட்டு, பெயர் வைத்திருக்கிறார்கள். அழகெல்லாம் வெளியே, வளவிலும் கூடத்திலும் தூணிலும் இருக்கிறது. நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல், மற்ற விருந்தினர்கள் போன பிறகு, வளவுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தோம். நிலா வெளிச்சம் நேராகத் தரையில் விழுந்தது. அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள். மழை பெய்தால் நாலு மூலையிலும் அண்டா வைத்துப் பிடிப்பது, கல்யாணத்துக்கு மூணாம் கட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து மிளகாய் இடித்தது, ஒரு தடவை பீங்கான் கிண்ணத்தை உடைத்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் ஒளிந்திருந்தது. ஐம்பது வருஷமாக என்னிடம் சொல்லாத பேச்சு. என் மகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பகலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கலையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் தங்கவே வேண்டாம். ஆத்தங்குடியில் பெரிய மாளிகை ஒன்றைச் சிறு கட்டணத்துக்குச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். பக்கத்திலேயே தரைக்கல் செய்கிற பட்டறைகள். மறுநாள் போனோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தகட்டு அச்சை வைத்து, அதன் கண்களில் கலர் சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்துக் கரண்டியால் சமன் செய்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்துக் காய வைக்கிறார்கள். சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. ஒரு பூவுக்கு அவர் கை எடுத்துக்கொண்ட நேரம் நான் ஒரு தோசை வார்க்கும் நேரம்தான்! வீட்டில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது சிமெண்டுக் கல், ஆசிட் போட்டுக் கழுவினால் பூ போய்விடும். எலுமிச்சம்பழச் சாறு சிந்தினால்கூட உடனே துடைக்க வேண்டும். தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் பளபளக்கும். இது பட்டறைக்காரர் சொன்னது. அம்மாவும் தலையாட்டினாள்.

ஹோட்டலில் நாலு பிரிண்டுக்குக் கொடுத்த பணத்தில் இங்கே ஒரு கண்டாங்கிச் சேலை வாங்கியிருக்கலாமே என்றும் தோன்றியது. கட்டம் போட்ட அந்தப் பருத்திச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. (வாங்கினேன். மகளுக்குத் தெரியாமல், என் சிறுவாட்டுப் பணத்தில். அம்மாவுக்கு.)

கிளம்புகிற அன்று காலைப் பலகாரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டாம் கட்டில்தான் சாப்பாட்டு மேஜைகள். இட்லி, கந்தரப்பம், கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம். அதே பையன் வந்து, "ஆச்சி, இன்னும் ரெண்டு பணியாரம் வைக்கட்டுமா?" என்றான். இந்தத் தடவை அம்மா மறுக்கவில்லை. பணியாரத்தை விண்டு, விரலை நசுக்கிப் பார்த்தாள்.

"எண்ணெய் குடிக்குதே தம்பி. உளுந்து கூடிப்போச்சு. ஆழாக்கு அரிசின்னா தலை தட்டி அளந்து, அது மேல கோபுரமா நிக்கிற உளுந்துதான் கணக்கு. உள்ள சொல்லு."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மாச்சி, சும்மா இருங்க." ஆனால் பையன் நிஜமாகவே உள்ளே போய்ச் சொல்லிவிட்டான். சமையல்காரப் பெண், முப்பது வயசிருக்கும், கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கோபமாக வருகிறாளோ என்று பயந்தேன். "ஒரு தடவை ஊத்திக் காட்டுறீகளா ஆத்தா?" என்றாள்.

அம்மா கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பின்னால் மூணாம் கட்டுக்குப் போனாள். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. அம்மா வரவில்லை.